சைக்கிள் ஓட்டும் பெரியவர்களுக்கு ஹெல்மெட் தேவையா? (கொண்டை போடுகிறவர்கள் இருந்தால் கட்டாயம் பதில் சொல்லவும்)

பிழைதிருத்தி:

எனக்கு 54 வயது. பல வருடம் கழித்து மறுபடி சைக்கிள் ஓட்ட ஆரம்பித்திருக்கிறேன். வீட்டிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து வீட்டுக்கு. நடுவில் ஒரு பெரிய சாலையைக் கடக்க வேண்டும், மற்றதெல்லாம் உள்தெரு. வேகம் என்று ஒன்றும் கிடையாது. காலையில் ஓட்டப்பயிற்சிக்கு வருகிறவர்களே சில நேரம் என்னைத் தாண்டிப் போவார்கள். கை காட்டாமல் திரும்ப மாட்டேன், சிக்னலில் நின்றுதான் போவேன். புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் தொழில், அந்த புத்தி சாலையிலும் கூடவே வருகிறது.

வெளியூரில் இருக்கும் என் மகள் ஒரு ஹெல்மெட் வாங்கி அனுப்பிவிட்டாள். போனில் முதல் கேள்வியே "மாட்டினியா?" என்பதுதான். மாட்டிப் பார்த்தேன். கொண்டைக்கு மேல் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடுகிறது. கொண்டையை அவிழ்த்துவிட்டு மாட்டினால் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது தலை பார்க்கச் சகிக்கவில்லை. வியர்வை வேறு. இதெல்லாம் சில்லறைப் பிரச்சினை, சமாளித்துக்கொள்ளலாம்.

என் அசல் சந்தேகம் வேறு. கையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது வெறும் தெர்மாகோல். நான் போகிற வேகத்தில் விழுந்தால் முழங்கை சிராய்க்கும், அதற்கு இது தேவையில்லை. லாரி மோதினால் இந்தத் தெர்மாகோல் ஒன்றுக்கும் ஆகாது. அப்படியென்றால் இது யாருக்கு, எப்போது உதவுகிறது? மகளைச் சமாதானப்படுத்தும் பதில் வேண்டாம். விஷயம் தெரிந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

எட்டுக்கட்டை:

உங்கள் கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது மேடம். நெதர்லாந்தில் போய்ப் பாருங்கள். பாட்டி, தாத்தா, வேலைக்குப் போகிறவர்கள் என்று ஊரே சைக்கிளில் போகிறது, ஹெல்மெட் போட்டவரைத் தேடத்தான் வேண்டும். அப்படியும் சைக்கிள் ஓட்ட உலகத்திலேயே பாதுகாப்பான நாடுகளில் அது ஒன்று. பாதுகாப்பு சாலையில் இருக்கிறது, தலையில் இல்லை.

இன்னொன்று. இங்கிலாந்தில் இயன் வாக்கர் என்ற உளவியல் ஆய்வாளர் தன் சைக்கிளில் தூரம் அளக்கிற கருவியைப் பொருத்திக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். ஹெல்மெட் போட்டிருந்தபோது ஓவர்டேக் செய்த வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் அதிகமாக நெருங்கிப் போயின. 2007-இல் வெளியான ஆய்வு. போட்டால் பக்கத்தில் வருகிறார்கள், போடாவிட்டால் தள்ளிப் போகிறார்கள். யோசித்துக்கொள்ளுங்கள்.

படிக்கட்டில் விழுந்து மண்டை உடைந்தவர்கள் எத்தனையோ பேர். படி இறங்குகிறவருக்கு யாராவது ஹெல்மெட் வாங்கி அனுப்புகிறார்களா?

இரவுப்பணி:

நான் மூளை அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸ். இரவு ட்யூட்டி முடிந்து சைக்கிளில்தான் வீட்டுக்குப் போவேன், ஹெல்மெட்டோடு. ஆக நான் எந்தக் கட்சி என்பதில் ரகசியம் இல்லை.

அக்கா, "மெதுவாகத்தானே போகிறேன்" என்று சொல்லி ஸ்ட்ரெச்சரில் வருகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். ஓடிக்கொண்டிருந்த சைக்கிளிலிருந்துகூட இல்லை, நின்றுகொண்டிருந்த சைக்கிளிலிருந்து விழுந்தவர்களும் உண்டு. சிக்னலில் நிற்கிறார், கால் ஊன்றுகிறார், ஊன்றின இடத்தில் மணல். கால் வழுக்கி, சைக்கிளோடு பக்கவாட்டில் சாய்ந்து, நடைமேடை விளிம்பில் காதுக்கு மேலே அடி. வேகம் பூஜ்யம். ஆனால் தலை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இறங்கியிருக்கிறது, அந்த உயரம் போதும்.

காதுக்கு மேலே, நெற்றிப் பொட்டை ஒட்டின இடத்தில் மண்டை ஓடு மெல்லியது. அதன் உள்பக்கத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டால் அதுவும் கிழியலாம். அப்படி வருகிறவர் பல சமயம் நன்றாகப் பேசிக்கொண்டே வருவார். "ஒண்ணும் இல்ல சிஸ்டர், சின்ன அடி, வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்பார். கொஞ்ச நேரம் கழித்துத் தலைவலி கூடும், வாந்தி வரும், கண் செருகும். அப்புறம் ஸ்கேன், அதற்கப்புறம் தியேட்டருக்கு ஓட்டம். நேரத்துக்கு வந்தவர்கள் பிழைத்து எழுந்து போயிருக்கிறார்கள். வீட்டில் போய்த் தூங்கினவர்களைப் பற்றி இங்கே எழுதப் பிடிக்கவில்லை.

பெரியவர்களுக்கு எதற்கு என்று கேட்டீர்கள். வயதானவர்களுக்குத்தான் இது கூடுதலாக வேண்டும் என்பேன். வயது ஏற ஏற மூளை கொஞ்சம் சுருங்கும், எல்லோருக்கும்தான். மண்டைக்குள் இடம் கூடுகிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து வெளி உறைக்குப் போகிற சின்னச் சின்னச் சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. 20 வயதுப் பையன் தலையைத் தடவிவிட்டுப் போகிற அதே குலுக்கலில் 65 வயதுக்காரருக்கு அந்தச் சிரைகளில் ஒன்று அறுந்துபோகும். கசிவு மெதுவாகத்தான் இருக்கும். சில வாரம் கழித்து "அப்பாவுக்குப் பேச்சு தடுமாறுது, ஒரு கால் இழுக்குது, பக்கவாதம்னு நினைச்சோம்" என்று அழைத்துக்கொண்டு வருவார்கள். விழுந்தாரா என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் சின்ன அடியும் எங்களுக்குப் பெரிய அடிதான்.

ஹெல்மெட் இருந்திருந்தால் இவர்கள் எல்லோரும் வந்திருக்க மாட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அடி, குலுக்கல் என்று இரண்டு இருக்கிறது. எலும்பு உடைகிற அடியை ஹெல்மெட் நன்றாகத் தாங்கும். தலை சடாரென்று திரும்பி மூளை உள்ளே முறுக்கிக்கொள்கிற குலுக்கலுக்கு அது அவ்வளவு உதவாது, ஓரளவுதான்.

எட்டுக்கட்டை சார், வாக்கர் ஆய்வில் நீங்கள் சொல்லாமல் விட்ட பகுதிதான் எனக்குப் பிடித்தது. அவர் பெண் மாதிரி தெரிய நீளமான விக் வைத்துக்கொண்டும் ஓட்டிப் பார்த்தார். அப்போது வண்டிகள் இன்னும் தள்ளிப் போயின. அதற்காக உங்களை விக் வைத்துக்கொள்ளச் சொல்லலாமா? அதே தரவுகளை 2013-இல் வேறு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்து, ஆபத்தான நெருக்கம், அதாவது ஒரு மீட்டருக்குள் வருவது, ஹெல்மெட்டால் கூடவில்லை என்று எழுதினார்கள். வாக்கர் அதை மறுத்தார். அந்தச் சண்டை ஓயவில்லை. எது எப்படியானாலும் 8.5 சென்டிமீட்டர் தள்ளிப்போவதற்காக மண்டையைத் திறந்து வைத்துக்கொள்கிற வியாபாரம் எனக்குக் கட்டுபடியாகாது.

எட்டுக்கட்டை:

விக் பகுதியை விட்டது உண்மைதான், ஆனால் சிஸ்டர், உங்களுக்கு ஒரு கேள்வி. நீங்கள் பார்ப்பதெல்லாம் அடிபட்டு வந்தவர்களை. அடிபடாமல் வீட்டுக்குப் போகிற லட்சக்கணக்கான பேர் உங்கள் வார்டுக்கு வருவதில்லை. வார்டில் நின்று உலகத்தைப் பார்த்தால் உலகம் முழுக்க உடைந்த மண்டையாகத்தான் தெரியும்.

இரவுப்பணி:

ஒத்துக்கொள்கிறேன், வார்டு ஒரு சின்ன ஜன்னல்தான். அதனால்தான் எண்ணிக்கைகளையும் பார்க்க வேண்டும். 1989-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் செய்த ஆய்வு ஹெல்மெட் தலைக்காயத்தை 85 சதவீதம் குறைக்கிறது என்றது. ரொம்ப நாள் எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது கொஞ்சம் அதிகம். ஹெல்மெட் போடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் ஜாக்கிரதையானவர்களாக இருக்கலாம், ஓட்டுகிற இடமே வேறாக இருக்கலாம் என்று அப்போதே கேட்டார்கள், நியாயமான கேள்வி. பிறகு 2016-இல் 40 ஆய்வுகளை, 64,000-க்கும் மேற்பட்ட காயமடைந்த சைக்கிள் ஓட்டிகளின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். தலைக்காயத்துக்கான வாய்ப்பு பாதி அளவு குறைகிறது, தீவிரமான தலைக்காயம் 69 சதவீதம், முகக் காயம் 33 சதவீதம் குறைகிறது. கழுத்துக் காயம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஹெல்மெட்டின் கனம் கழுத்தை முறித்துவிடும் என்கிறவர்களுக்கு அந்தக் கடைசி வரி.

கவனியுங்கள், இது அடிபட்டவர்களிடையே செய்த ஒப்பீடு. ஹெல்மெட் போட்டால் விழ மாட்டீர்கள் என்று இதில் எங்கும் இல்லை. விழுவதும் விழாததும் சாலை, பிரேக், மழை, பக்கத்தில் போன்பேசிக்கொண்டு வண்டி ஓட்டுகிற ஆள், இவர்கள் கையில் இருக்கிறது.

செயின்கவர்:

தெர்மாகோல் என்று அலட்சியமாகச் சொல்லாதீர்கள் அம்மா. சைக்கிள் ரிப்பேருக்கு வருவதற்கு முன்னால் ஒரு சோதனைக்கூடத்தில் ஹெல்மெட்டுகளை உடைக்கிறதே என் வேலையாக இருந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு பொருளை உடைக்கிற வேலை யாருக்குக் கிடைக்கும்!

உலோகத்தில் செய்த மனிதத் தலை ஒன்று இருக்கும், உள்ளே அதிர்வை அளக்கிற கருவி. அதற்கு ஹெல்மெட்டை மாட்டி, உயரத்திலிருந்து இரும்புப் பட்டடை மேல் விழவிடுவோம். தட்டையான பட்டடை ஒன்று, நடைமேடை விளிம்பு மாதிரி கூரானது ஒன்று. ஹெல்மெட்டைச் சூடாக்கி ஒரு தடவை, உறைகிற குளிரில் வைத்து ஒரு தடவை, தண்ணீரில் ஊறவைத்து ஒரு தடவை. ஐரோப்பாவின் ஈஎன் 1078 தரத்தில் தட்டைப் பட்டடைக்கு உயரம் சுமார் ஒன்றரை மீட்டர், மோதும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அமெரிக்காவில் சிபிஎஸ்சி தரம், 1999 முதல் கட்டாயம், அதில் 2 மீட்டர். சிஸ்டர் சொன்ன "நின்ற இடத்தில் விழுந்தவர்" கணக்கும் இதுவும் ஒன்றே என்பதைப் பாருங்கள். சைக்கிள் ஹெல்மெட்டை வடிவமைத்ததே அந்த விழுகைக்குத்தான்.

கணக்கு சுலபம். ஒன்றரை மீட்டர் விழுகிற தலை கல்லில் பட்டு 3 மில்லிமீட்டருக்குள் நின்றால், 1,500-ஐ 3-ஆல் வகுங்கள். புவியீர்ப்பைப்போல 500 மடங்கு அதிர்ச்சி. அதே தலை 2 சென்டிமீட்டர் தூரத்துக்கு மெல்ல மெல்ல நின்றால் 1,500-ஐ 20-ஆல் வகுக்கணும், 75 மடங்குதான். இது சராசரிதான், உச்சம் இதைவிட அதிகமாகப் போகும். அந்த உச்சம் ஈஎன் தரத்தில் 250 மடங்கைத் தாண்டக் கூடாது, அமெரிக்கத் தரத்தில் 300. ஹெல்மெட் செய்கிற மொத்த வேலையே அந்த 2 சென்டிமீட்டரைத் தருவதுதான். நசுங்கி நசுங்கித் தலைக்கு நேரம் வாங்கிக்கொடுக்கிறது. ரப்பர் மாதிரி துள்ளுகிற பொருளாக இருந்தால் தலையைத் திருப்பி எறியும், இரும்பாக இருந்தால் நசுங்கவே நசுங்காது. ஒரு தடவை நசுங்கி அப்படியே நின்றுவிடுவதுதான் தெர்மாகோலின் குணம், அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதனாலேயே ஒரு அடி வாங்கின ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. வெளியே ஓடு பளபளப்பாக இருக்கும், உள்ளே நசுங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

லாரி ஏறினால் ஒன்றும் செய்யாது. அதில் உங்களோடு எனக்கு வாதம் இல்லை. ஆனால் நிறைய மோதல்களில் வண்டி இடிப்பது சைக்கிளின் பின் சக்கரத்தையோ ஹேண்டில்பாரையோதான். தலை அடுத்த நொடியில் தரையில் போய்ப் படுகிறது. அந்த இரண்டாவது அடிக்கு ஹெல்மெட் இருக்கும்.

படிக்கட்டுக் கேள்வியை எட்டுக்கட்டை அண்ணன் சும்மா கேட்கவில்லை, உயரம் ஒன்றுதான் என்பதால் அது சரியான கேள்வி. வித்தியாசம் கைகளில். நடக்கிறவர் தடுக்கினால் கை தானாக முன்னால் போகும். சைக்கிளில் இரண்டு கையும் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும், விழும்போது இன்னும் இறுக்கிப் பிடிப்போம். முன் சக்கரம் குழியில் மாட்டி நின்றால் தலைதான் முன்னால் போகும்.

ஓரமாப்போறவர்:

இரண்டு கேள்வியைப் போட்டுக் குழப்புகிறோம் என்று தோன்றுகிறது. நான் போடணுமா என்பது ஒன்று. போடாதவருக்கு அபராதம் போடலாமா என்பது இன்னொன்று. நான் எப்போதும் போடுகிறவன், சட்டத்தை எதிர்க்கிறவன்.

உலகத்தில் முதலில் சட்டம் போட்டது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990 ஜூலையில். இரண்டு வருடத்தில் நாடு முழுக்க வந்துவிட்டது. நியூசிலாந்தில் 1994. தலைக்காயம் குறைந்தது. கூடவே, முக்கியமாகப் பதின்வயதுப் பிள்ளைகள், சைக்கிளை ஓரம்கட்டினார்கள். எதனால் எது குறைந்தது என்று முப்பது வருடம் தாண்டியும் அடித்துக்கொள்கிறார்கள். சாலையில் சைக்கிள் கூடக் கூட ஒவ்வொரு சைக்கிள் ஓட்டிக்கும் ஆபத்து குறைகிறது என்பது 2003-இல் ஜேக்கப்சன் என்பவர் எடுத்துக்காட்டிய விஷயம். வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கண் பழகிவிடும். அந்தக் கூட்டத்தைச் சட்டம் போட்டுக் கலைத்துவிட்டால் மிச்சம் இருக்கிறவருக்குத்தான் நஷ்டம்.

அமெரிக்காவில் சியாட்டில் இருக்கிற கிங் கவுண்டி 2022-இல் தன் ஹெல்மெட் சட்டத்தை ரத்து செய்தது. ஹெல்மெட் கெட்டது என்பதற்காக இல்லை. போலீஸ் யாரை நிறுத்தியது என்று கணக்குப் பார்த்தபோது வீடில்லாதவர்களும் கறுப்பினத்தவர்களும் அளவுக்கு மீறி மாட்டியிருந்தார்கள். ஜப்பான் வேறு வழியில் போனது. 2023 ஏப்ரல் முதல் எல்லா வயதினரும் ஹெல்மெட் போட முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதிவிட்டு, அபராதம் மட்டும் வைக்கவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

நெதர்லாந்தை எல்லோரும் இழுக்கிறோம். அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதை, தனி சிக்னல், தெருவில் கார்களுக்கு வேகத்தடை. அந்தச் சாலையைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் போட்டால் நானும் கழற்றிவிடுவேன். இல்லை, கழற்ற மாட்டேன், ஆனால் கழற்றினவரைப் பார்த்துப் பதற மாட்டேன். அங்கேயே இப்போது மின்சார சைக்கிள் ஓட்டுகிற முதியவர்கள் நிறையப் பேர் அடிபடுவதால் அரசாங்கமே ஹெல்மெட் போடச் சொல்கிறது.

எட்டுக்கட்டை:

முதல்முறையாக ஒருவர் எனக்குப் பிடித்த மாதிரி பேசுகிறார். சட்டம் வேண்டாம் என்பதில் நாம் ஒன்று. பந்தயக்காரர்களே எவ்வளவு காலம் போடாமல் ஓட்டினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓரமாப்போறவர்:

சேர்த்துக்கொண்டால் உங்களுக்கு வசதியாக இருக்காது அண்ணே. 1991-இல் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் ஹெல்மெட் கட்டாயம் என்றதும் வீரர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள், விதி வாபஸ் ஆனது. 2003-இல் அதே பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலேவ் விழுந்து தலைக்காயத்தில் இறந்தார். ஹெல்மெட் போடவில்லை. சில வாரங்களில் உலக சைக்கிள் சங்கம் கட்டாயமாக்கியது, இந்த முறை பெரிய எதிர்ப்பு இல்லை. இப்போது ஹெல்மெட் இல்லாத பந்தயப் படத்தைப் பார்த்தால் நமக்கே வித்தியாசமாகத் தெரிகிறது.

பிழைதிருத்தி:

எல்லோருக்கும் நன்றி. "மெதுவாக விழுந்தால் தேவையில்லை" என்று நான் நினைத்திருந்த இடத்திலேயே இது வேலை செய்கிறது என்பது புரிந்தது. 1,500-ஐ 20-ஆல் வகுத்தது என்னை மடக்கிவிட்டது.

சரி, இப்போது சில்லறைக்கு வருவோம். கொண்டையை என்ன செய்வது? கழுத்தில் காலர் மாதிரி மாட்டிக்கொண்டால் விழும்போது காற்றுப்பை விரியும் என்று ஒரு சாதனத்தைப் பற்றிப் படித்தேன். அது கிடைக்குமா? வீட்டில் மகனுடைய பைக் ஹெல்மெட் ஒன்று சும்மா கிடக்கிறது, அதைப் போடலாமா? விலை அதிகமாக இருந்தால்தான் நல்லதா?

செயின்கவர்:

அந்தக் காற்றுப்பையின் பெயர் ஹோவ்டிங். ஸ்வீடனில் வடிவமைப்பு படித்த இரண்டு பெண்கள், முடி கலையாத ஹெல்மெட் வேண்டும் என்று உங்களைப் போலவே யோசித்துச் செய்தது. பை விரிந்தால் நன்றாகவே காப்பாற்றியது. ஆனால் விரியாமல் போகக்கூடும் என்ற பிரச்சினையில் ஸ்வீடன் நுகர்வோர் அமைப்பு விற்பனையை நிறுத்தச் சொல்லி, 2023 கடைசியில் கம்பெனியே திவாலாகிவிட்டது. பழையது எங்காவது விற்பனைக்கு வந்தாலும் வாங்காதீர்கள்.

பைக் ஹெல்மெட் போடலாமா என்றால், ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் ஒன்றரை கிலோ கனம், காற்று போக வழியில்லை, காதை மூடிவிடும். சைக்கிள்காரருக்குப் பின்னால் வருகிற வண்டிச் சத்தம் கேட்டாக வேண்டும். உள்ளே இருக்கிற நுரையும் பெரிய வேகத்து மோதலுக்காகக் கெட்டியாகச் செய்தது. சைக்கிள் ஹெல்மெட் கால் கிலோவிலிருந்து 400 கிராம் வரைதான் இருக்கும், காதும் திறந்திருக்கும். ஆனால் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மகன் பைக்கில் உட்காராதீர்கள். அது கூடவே கூடாது.

விலை கூடினால் எடை குறையும், காற்றோட்டம் கூடும், அழகு கூடும். தரச் சான்று முத்திரை உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அது இல்லாமல் எவ்வளவு விலையானாலும் வேண்டாம். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் சைக்கிள் ஹெல்மெட்டுகளைச் சோதித்து நட்சத்திரம் போடுகிறது. அந்தப் பட்டியலில் மலிவானவை மேலேயும் விலை உயர்ந்தவை கீழேயும் நின்றிருக்கின்றன. சிஸ்டர் சொன்ன முறுக்குக் குலுக்கலுக்காக, உள்ளே நழுவுகிற மாதிரி ஒரு மெல்லிய அடுக்கு வைத்தவை வருகின்றன, பெரும்பாலும் மிப்ஸ் என்று மஞ்சளில் எழுதியிருக்கும். சாய்வாக அடிபடும்போது அது ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் நழுவி முறுக்கைக் கொஞ்சம் குறைக்கும். கையில் காசு இருந்தால் எடுங்கள்.

வெயிலில் நிற்கிற காருக்குள் ஹெல்மெட்டைப் போட்டு வைக்காதீர்கள். பெயின்ட், தின்னர் எதுவும் படக் கூடாது, தெர்மாகோலைத் தின்றுவிடும். கழுவ வெறும் சோப்புத் தண்ணீர்.

இரவுப்பணி:

கொண்டைக்கு நான் வருகிறேன், எனக்கும் நீள முடி. ஹெல்மெட் போடுகிற நாளில் உச்சிக் கொண்டையும் நடுத்தலைக் கொண்டையும் கிடையாது. ஹெல்மெட்டின் பின்பக்கம், இறுக்குகிற திருகுக்குக் கீழே ஒரு இடைவெளி இருக்கும். கழுத்தோடு ஒட்டித் தாழ்வாக ஒரு பின்னல் போட்டு அதன் வழியாக வெளியே விட்டுவிடுங்கள். அலுவலகம் போனதும் பின்னலைச் சுருட்டி ஊசி குத்தினால் கொண்டை. கிளிப், கொண்டை ஊசி எதுவும் ஹெல்மெட்டுக்குள் இருக்க வேண்டாம். அடிபடும்போது அது எந்தப் பக்கம் குத்தும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆடுகிறது என்றீர்களே, கொண்டை இல்லாமலும் ஆடுகிறதா என்று பாருங்கள். அளவு நாடாவைப் புருவத்துக்கு மேலே, பின்தலையில் புடைத்த இடத்தைச் சுற்றி வைத்து அளந்து, ஹெல்மெட் உள்ளே எழுதியிருக்கிற சென்டிமீட்டரோடு ஒப்பிடுங்கள். மகள் கண் திட்டத்தில் வாங்கியிருப்பாள். மாட்டினால் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம்தான் இருக்கணும். முக்கால்வாசிப் பேர் தொப்பி மாதிரி பின்னால் தள்ளிப் போடுகிறார்கள், முன்னால் விழுந்தால் நெற்றி அப்படியே வெளியே. பட்டைகள் காதுக்குக் கீழே ஒன்று சேரணும். தாடைப் பட்டையில் ஒரு விரல் நுழைந்தால் போதும். வாயை ஆவென்று திறந்தால் ஹெல்மெட் கீழே இழுபட வேண்டும். பட்டை போடாமல் போனால் தரையில் படுவதற்கு முன்னாலேயே அது கழன்று போய்விடும்.

பிழைதிருத்தி:

அளந்தேன். எனக்கு 54 சென்டிமீட்டர், அவள் அனுப்பியது 58-இலிருந்து 62. மாற்றச் சொல்லி அனுப்பிவிட்டேன். பின்னல் யோசனை நன்றாக இருக்கிறது சிஸ்டர்.

எட்டுக்கட்டை:

சிஸ்டர், ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்கவில்லை, மாத்திரையைப் பற்றி மட்டும். எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறேன். நீங்கள் சொன்ன "ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை"யில் அதுவும் சேர்த்தியா?

இரவுப்பணி:

சேர்த்திதான் சார். வார்ஃபரின், அபிக்சபான் மாதிரியானவை வேறு வகை, க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் வேறு வகை. ஆனால் தலைக்குள் கசிய ஆரம்பித்தால் நிற்கத் தாமதமாகும் என்பது இரண்டுக்கும் பொது. பயந்துகொண்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும், அது இதைவிட அவசரம்.

சைக்கிளோ படிக்கட்டோ, தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள், ஸ்கேன் எடுப்பதா வேண்டாமா என்பதை அது மாற்றும். பெயரையும் ஸ்டென்ட் வைத்த தேதியையும் ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், பேச முடியாமல் போனாலும் நாங்கள் பர்ஸைப் பார்ப்போம். வீட்டுக்கு அனுப்பின பிறகும் தலைவலி கூடிக்கொண்டே போனால், வாந்தி வந்தால், நினைவு குழம்பினால், கை காலில் ஒரு பக்கம் பலம் குறைந்தால், அன்றைக்கானாலும் மூன்று வாரம் கழித்தானாலும் திரும்ப வரணும். இதை உங்கள் வீட்டில் இருக்கிறவர்களிடமும் சொல்லி வையுங்கள், நினைவு குழம்பினால் அது உங்களுக்குத் தெரியாது.